ரெண்டும் கடல் பக்கம்

ரயில் எஞ்சினுக்குள் ஸ்டீயரிங் இருக்கும் என்று எனக்குக் கல்யாணம் ஆகும்வரை நம்பிக்கொண்டிருந்தேன். இதை முதலிலேயே சொல்லிவைத்துவிடுகிறேன். இந்தக் கதையில் நான் அடிக்கப்போகும் மற்ற கூத்துகள் உங்களுக்குப் பெரிதாகத் தெரியக் கூடாது பாருங்கள், அதற்காக.

நான் படகு எஞ்சின் மெக்கானிக். பழவேற்காட்டில் சின்னதாக ஒரு பட்டறை. சுக்கான் இல்லாமல் எதுவும் திரும்பாது என்று கற்றுக்கொண்டு வளர்ந்தவன். அவ்வளவு பெரிய ரயில் வளைந்து வளைந்து போகிறது, உள்ளே ஒருத்தர் உட்கார்ந்து திருப்பாமலா இருப்பார்?

அப்படிப்பட்டவன்தான் ஒரு கிறிஸ்துமஸுக்கு முந்தைய மழைக்காலத்தில், என் வீட்டு முன்னறையில், நீளமான ஒரு பிளைவுட் பலகைக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். பலகை மேல் பொம்மை ரயில் தண்டவாளம். வலது கையில் ஒரு பாயிண்ட், இடது கையில் ஒரு பாயிண்ட். சென்னையிலிருந்து அப்போதுதான் பார்சலில் வந்தவை. அட்டையின் பசை வாசனை இன்னும் விரலில் இருந்தது.

பாயிண்ட் என்றால் ஒரு பாதை இரண்டாகப் பிரிகிற இடம். நேரே போகிற தண்டவாளத்தின் இடுப்பிலிருந்து இன்னொன்று கிளம்பி ஒதுங்கும். பிரிகிற இடத்தில் இரண்டு மெல்லிய நாக்குகள். நாக்கை இந்தப் பக்கம் தள்ளினால் ரயில் நேரே போகும், அந்தப் பக்கம் தள்ளினால் ஒதுங்கும்.

தெற்கு முனையில் முதல் பாயிண்ட்டை வைத்தேன். அழகாகக் கடல் பக்கம் பிரிந்தது. வடக்கு முனைக்குத் தவழ்ந்து போய் இரண்டாவதை வைத்தேன். அது ஏரிப் பக்கம் பிரிந்தது.

திருப்பி வைத்தேன். அப்போதும் சரியாக வரவில்லை. தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தேன். தண்டவாளம் அடியில் போய்விட்டது.

வாசல்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்த என் மனைவி ஆரோக்கியம் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"இன்னாய்யா, ரெண்டும் சண்ட போட்டுக்கிச்சா?"

"இல்ல, ஒண்ணு கடலுக்குப் போறேங்குது, ஒண்ணு ஏரிக்குப் போறேங்குது."

"நீ எங்க போறே? அத்த சொல்லு. சாவிய குட்த்துட்டுப் போ."

### பெட்டி வந்த வழி

காட்டுப்பள்ளிப் பக்கம் வேலை பார்த்த ஓர் அதிகாரி பழவேற்காட்டில் வாடகைக்கு இருந்தார். ஒரு சின்னப் படகு வைத்திருந்தார். அதன் எஞ்சின் வாரம் தவறாமல் நின்றுபோகும். வாரம் தவறாமல் நான் போவேன். மாற்றலாகிப் போகும்போது ஒரு பெட்டியை என் கையில் கொடுத்தார்.

"இதுவும் எஞ்சின்தான். ஆனா தண்ணில போட்டுடாதீங்க."

உள்ளே இரண்டு ரயில் எஞ்சின்கள். ஒன்று குட்டை, கறுப்பு. இன்னொன்று நீளம், நீலம். சில பெட்டிகள், நேர்த் தண்டவாளங்கள், வளைவுத் தண்டவாளங்கள், வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ஒரு கருவி. பாயிண்ட் மட்டும் ஒன்றுகூட இல்லை.

அந்த நீல எஞ்சினை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு கெளுத்தி மீன் அளவு. சக்கரங்களின் விளிம்பு நகத்தைவிட மெல்லியது. வாழ்நாள் முழுக்கப் பெரிய எஞ்சின்களின் வயிற்றில் கைவிட்டுக் கரியானவன், இதைத் தொட ஒரு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

எங்கள் பக்கம் ரயில் கிடையாது. பொன்னேரிக்குப் பஸ் ஏறிப் போனால்தான் தண்டவாளத்தையே பார்க்கலாம். ஆகவே பலகை மேல் நானே ஒரு பாதை போட்டேன்: பொன்னேரியிலிருந்து பழவேற்காடு வரை ஒற்றைத் தண்டவாளம். அறையில் நீளமான சுவர் தெற்கு வடக்காக இருந்ததால் பொன்னேரி தெற்கே போய்விட்டது. பொன்னேரிக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

### முறை என்றால் முறை

ஆரோக்கியம் ஏன் சாவியைக் கேட்டாள் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

ஏரியில் எந்த இடத்தில், என்றைக்கு, யார் வலை போடலாம் என்பதற்கு எங்களிடம் முறை உண்டு. பாடு என்போம். உன் நாள் வந்தால் அந்த இடம் உன்னுடையது. அன்றைக்குக் காற்று கெட்டால் உன் நாளும் கெட்டது. மறுநாள் அடுத்தவனுக்கு. போன நாளைத் திருப்பித் தா என்று யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் கிடைக்காது.

எங்கள் குப்பத்தில் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் அதே கணக்கு. வருஷத்துக்கு ஒரு வீடு. முறை வந்த வீட்டின் முன்னறையில் குடில். இருபத்து நாலாம் தேதி பொழுது சாயும்போது கதவைத் திறப்பார்கள், ஊரே வந்து பார்க்கும். ஒரு வீட்டுக்கு வந்த முறை மறுபடி வருவதற்குள் குழந்தைகள் கல்யாணத்துக்கு நிற்பார்கள்.

ஆரோக்கியத்துக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது அவள் அப்பா வீட்டுக்கு முறை வந்தது. களிமண்ணில் மாடு செய்து, வைக்கோல் வேய்ந்து, மாமனார் பிரமாதமாகக் கட்டினாராம். இருபத்து நாலாம் தேதி மத்தியானம் புயல். கூரையோடு குடிலும் போனது. ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. மறுவருஷம் முறை பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

இதை அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், வலை பின்னும் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே.

"கதவ தொறக்கவே இல்லய்யா. எங்க நைனா செஞ்ச மாட்ட நான் மட்டுந்தான் பாத்தேன்."

அந்த வருஷம் முறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. நான் என்ன செய்தேன்? குடிலுக்குள் ரயில் விடலாம் என்றேன். பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிற மூன்று ராஜாக்கள் ஒட்டகத்தில் வந்தால் மணலில் மாட்டிக்கொள்வார்கள், பொன்னேரியில் ரயில் ஏறி வரட்டும் என்றேன். அதோடு நின்றிருக்கலாம். கோயில் முற்றத்தில் எல்லார் முன்னாலும், எதிரெதிரே இரண்டு ரயில் வரும், ஒன்றை ஒன்று தாண்டிப் போகும் என்று வாயை வேறு விட்டுவிட்டேன்.

ஆரோக்கியம் சண்டை போடவில்லை. ஒரு வரம்பு கட்டினாள்.

"கொழந்த இருக்கணும், மாடு இருக்கணும், ராஜா மூணு பேரும் இருக்கணும். உன் ரயிலு ஓடிச்சின்னா ஓடட்டும். ஓடலன்னா முந்தின நாளே இந்த ரூமு சாவிய குட்த்துடு. பலகய எட்த்து நண்டுக் கூடைக்கு மூடி போட்டுட்டு, நான் வைக்கோல்லயே கட்டிக்கிறேன். ஜனங்க வந்து பாக்கறப்ப என் வீட்ல ரிப்பேர் வேல நடக்கக் கூடாது."

### தரையில் இருந்த சுக்கான்

ஸ்டீயரிங் விஷயத்துக்கு வருகிறேன்.

கல்யாணத்துக்குத் துணி எடுக்கப் பொன்னேரி வழியாகப் போனோம். நானும், ஆரோக்கியத்தின் அண்ணன் சூசையும். பிளாட்பாரத்தில் நின்றபோது தூரத்தில் ஒரு சரக்கு ரயில், நடுப் பாதையிலிருந்து ஓரப் பாதைக்கு மாறி வந்தது.

"பாத்தியா மச்சான், டிரைவரு எப்படி ஒடிச்சிட்டான்" என்றேன், தொழில் தெரிந்தவன் தோரணையில்.

பக்கத்தில் நின்ற கீரைக்காரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். சூசை இரண்டடி தள்ளி நின்றுகொண்டான், என்னோடு வராதவன் மாதிரி.

சரக்கு ரயில் நின்ற பிறகு, காலியாகக் கிடந்த தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தரையில் ஏதோ நகர்ந்தது. பக்கத்தில் ஆள் இல்லை, ரயில் இல்லை. இரண்டு இரும்பு நாக்குகள் தாமாக ஒரு கை அகலம் நகர்ந்து, பக்கத்துத் தண்டவாளத்தோடு ஒட்டிக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் ஒரு எக்ஸ்பிரஸ் வந்தது. அத்தனை பெட்டி, அத்தனை ஜனம், ஜன்னல் ஓரத்தில் தூங்கிக்கொண்டு ஒரு குழந்தை. எல்லாம் அந்த நாக்கு சொன்ன வழியில் போயின.

எனக்குக் கை மயிர் சிலிர்த்துவிட்டது.

படகில் சுக்கான் படகோடு போகிறது. காற்றைப் பார்த்து, அலையைப் பார்த்து, போகிறவன் முடிவு செய்கிறான். இங்கே சுக்கான் தரையில் கிடக்கிறது. ரயில் வருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. போகிறவன் கையில் ஒன்றும் இல்லை, ஆனாலும் அவ்வளவு வேகத்தில், அவ்வளவு தைரியமாக வருகிறான்.

"மச்சான், ஸ்டீயரிங் கீழ கீது" என்றேன்.

"துணிக் கடைல வந்து இதெல்லாம் பேசாத" என்றான் சூசை. "எங்க நைனா பொண்ணு குடுக்க யோசிப்பாரு."

### லெப்டா, ரைட்டா

சரி, பார்சல் எப்படித் தப்பாக வந்தது?

ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு ரயில் வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டும். ஒதுங்குவதற்குப் பக்கத்தில் ஒரு பாதை. அது பிரிகிற இடத்தில் ஒரு பாயிண்ட், திரும்பி வந்து சேர்கிற இடத்தில் ஒரு பாயிண்ட். ஆக இரண்டு வேண்டும். சென்னையில் ஒரு கடைக்குப் போன் செய்தேன்.

"சின்ன வளைவா, பெரிய வளைவாண்ணே?" என்று கேட்டார் கடைக்காரர்.

"பெருசு." இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படகைச் சட்டென்று ஒடித்தால் பின்னால் உட்கார்ந்திருப்பவன் தண்ணீரில் இருப்பான். ரயிலின் கடைசிப் பெட்டியும் பாவம்தானே. இந்தக் கதையில் நான் சரியாகச் சொன்ன ஒரே பதில் இது. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

"லெப்டா, ரைட்டா?"

"கடல் பக்கம்."

போனில் பேனா தட்டுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே, கடல் எனக்குத் தெரியாது. லெப்டா, ரைட்டா?"

எங்கள் குப்பம் கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் மணல் மேல் கிடக்கிறது. கிழக்கே கடல், மேற்கே ஏரி. எங்களுக்கு இடது வலது தேவைப்பட்டதே இல்லை. சோற்றுத் தட்டைக்கூட "கொஞ்சம் ஏரிப் பக்கம் நகர்த்து" என்றுதான் சொல்லுவோம். கண்ணில் தூசி விழுந்தால் "கடல் பக்கத்துக் கண்ணு" என்பாள் ஆரோக்கியம். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் கடல் அங்கேயேதான் இருக்கும். இடது கை அப்படியா? திரும்பி நின்றால் அதுவும் கூடவே திரும்பிவிடுகிறது. அதை நம்பி எப்படி வழி சொல்வது?

ஆனாலும் கடைக்காரருக்காகப் பலகையின் தெற்கு முனையில் போய் நின்றேன். வடக்கே பார்த்தேன். கடல் வலது கைப்பக்கம்.

"ரைட்டு."

"ரெண்டுமேவா?"

"ரெண்டும் கடல் பக்கந்தான். ரெண்டும் ரைட்டு."

வடக்கு முனையிலிருந்து வருகிற ரயில் தெற்கே பார்த்து வரும், அதற்குக் கடல் இடது கைப்பக்கம் என்பது பார்சலைப் பிரித்து, தவழ்ந்து, தலைகீழாகப் பிடித்துப் பார்த்த பிறகுதான் என் மண்டையில் ஏறியது.

மறுபடி போன் செய்தேன். லெப்ட் தீர்ந்துவிட்டதாம். தை மாசம் வருமாம்.

"தை மாசம் வரைக்கும் ராஜாங்கள பொன்னேரில நிக்க வைக்கலாமா?" என்று ஆரோக்கியத்திடம் கேட்டேன்.

அவள் இறால் ஓட்டைத் தட்டில் போட்டாள். முன்னறையின் மூலையில் ஒரு கட்டு வைக்கோல் வந்து உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

### முகத்துவாரத்தில் ஒரு காலை

அந்த வாரம் சூசையின் படகு எஞ்சினில் ஏதோ சத்தம். ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும் என்று காலையில் இரண்டு பேரும் முகத்துவாரத்துக்குப் போனோம், ஏரி கடலில் போய் விழுகிற இடத்துக்கு. வாடைக் காற்று முகத்தில் உப்பை அறைந்தது.

முகத்துவாரம் ஒரு மழைக்கு ஒரு மாதிரி இருக்கும். மணல் நகரும், மேடு முளைக்கும், ஆழம் இடம் மாறும். அந்த வருஷம் நடுவில் ஒரு மேடு வளர்ந்து, தண்ணீர்ப் பாதை கோணல்மாணலாகி, கொஞ்ச தூரம் கரையோடு தெற்கு வடக்காக ஓடியது. நாங்கள் வெளியே போகிறோம். எதிரே ஒரு படகு உள்ளே வருகிறது. சூசை எஞ்சினை அடக்கி, படகை அப்படியே நிறுத்தினான்.

எங்கள் ஊரில் இதற்கும் முறை உண்டு. உள்ளே வருகிற படகுக்குத்தான் வழி. அதை அலை தள்ளிக்கொண்டு வருகிறது, அதனால் நிற்க முடியாது. நிற்க முடிந்தவன் நிற்க வேண்டும்.

வந்த படகு கடல் பக்கமாக ஒதுங்கி மேட்டைச் சுற்றியது. பிறகு சாய்வாக, எங்கள் படகின் மூக்குக்கு முன்னால், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் குறுக்கே வெட்டியது. ஏரிப் பக்கமாக எங்களை உரசிக்கொண்டு உள்ளே போனது. அதில் இருந்தவன் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே தலையாட்டினான். அது கிளப்பிய தண்ணீர் எங்கள் படகைத் தொட்டிலாட்டிவிட்டு அடங்கியது.

இதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடல் பக்கம் பிரிகிறது. நடுவில் குறுக்கே வெட்டுகிறது. ஏரிப் பக்கம் போய்ச் சேருகிறது. என் இரண்டு ரைட் பாயிண்ட்டுகளும் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானே.

"மச்சான், திரும்ப ஒருவாட்டி உள்ள போயி வெளில வா."

"ஏன், சத்தம் கேக்கலியா?"

"சத்தம் கிடக்குது வுடு. அந்த போட்டு எப்படி வெட்டிச்சின்னு பாக்கணும்."

சூசை என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ஆரோக்கியம் பாவம்" என்றான். படகை உள்ளே திருப்பினான்.

### சிலுவையும் கத்திரியும்

ஒரு தண்டவாளம் இன்னொன்றைக் குறுக்கே வெட்டிப் போக வேண்டுமானால் அதற்குக் கிராசிங் என்று தனியாக ஒரு துண்டு வேண்டும். போனில் வாங்கினால் என்ன வரும் என்று தெரிந்துவிட்டதால் நேரே கிளம்பினேன். பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து மின்சார ரயில்.

சென்னையை நெருங்கும்போது ரயில் வேகம் குறைந்தது. கதவோரம் நின்று எட்டிப் பார்த்தேன். ஒரு தண்டவாளம் இரண்டானது, இரண்டு நாலானது, பிறகு எண்ண முடியவில்லை. ஒன்றை ஒன்று வெட்டி, ஒன்றில் ஒன்று சேர்ந்து, காலை வெயிலில் ஈர வலையை விரித்துப் போட்டது மாதிரி மின்னிக்கொண்டு கிடந்தது. எங்கள் ரயில் அதற்குள் புகுந்தது. காலடியில் தடக் தடக் என்று ஒவ்வொரு வெட்டும் கேட்டது. இடுப்பு லேசாக இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம் ஆடியது. இத்தனை வழியில் எங்களுக்கான ஒன்றை யாரோ எங்கோ உட்கார்ந்து திறந்து வைத்திருக்கிறார்கள். பெட்டியில் ஒருத்தர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாரும் செல்போனில் இருந்தார்கள். எனக்கு மட்டும் கோயிலுக்குள் நுழைகிற மாதிரி செருப்பைக் கழற்றலாமா என்று இருந்தது.

கடை ஒரு மாடியில் இருந்தது. கடைக்காரர் என் குரலைக் கேட்டதுமே சிரித்துவிட்டார்.

"கடல் பக்கம் அண்ணன்தானே?"

இரண்டு கிராசிங் எடுத்து வைத்தார். ஒன்று கூட்டல் குறி மாதிரி நேருக்கு நேர் வெட்டுவது. இன்னொன்று, பாதி திறந்த கத்திரிக்கோல் மாதிரி சாய்வாக வெட்டுவது.

நான் முதலாவதைக் கையில் எடுத்தேன். "சிலுவ மாதிரி கீது. குடிலுக்குப் பொருத்தம்."

"பொருத்தந்தான். ஆனா ரயில் நேரா உங்க வீட்டுச் சுவத்துல ஏறும் அண்ணே."

கத்திரியை வாங்கினேன். முகத்துவாரத்தில் அந்தப் படகு வெட்டியதும் அப்படித்தான், சாய்வாக.

வீட்டுக்கு வந்து பொருத்தி, குட்டைக் கறுப்பு எஞ்சினை ஓட்டினேன். கிராசிங்கின் நடுவில் செத்துப்போய் நின்றது. சாய்ந்து வெட்டுகிற இடத்தில் கரண்ட் கலந்துவிடக் கூடாது என்று கொஞ்ச நீளத்துக்குப் பிளாஸ்டிக் வைத்திருக்கிறார்கள். குட்டை எஞ்சினின் சக்கரமெல்லாம் ஒரே நேரத்தில் அதன்மேல் ஏறிவிட்டால் கரண்ட் வராது. நீல எஞ்சினை வைத்தேன். அதன் முன் சக்கரம் பிளாஸ்டிக்கில் இருக்கும்போது பின் சக்கரம் இரும்பில் நின்றது. சின்ன நடுக்கம்கூட இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

ராஜாக்கள் நீல எஞ்சினில் வருவார்கள் என்று முடிவானது. கறுப்பு எஞ்சின் மீன் ஏற்றிக்கொண்டு பொன்னேரிக்குப் போகும். கிராசிங்குக்கு முன்னால் அது காத்திருக்கும், அந்தத் துண்டுக்கு ஒரு தனி சுவிட்ச். பிறகு பின்னாலிருந்து என் விரல் ஒரு தள்ளு தள்ளினால் கிராசிங்கைத் தாண்டிவிடும்.

### கிரீஸ்

இருபத்து மூன்றாம் தேதி காலையில் ரயில் நின்றுவிட்டது. இரண்டும். சக்கரம் வழுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே சுற்றியது. பிறகு அதுவும் இல்லை.

வயரைப் பார்த்தேன், பேட்டரியைப் பார்த்தேன், எஞ்சினைப் பிரித்துப் போட்டேன். ஆரோக்கியம் வைக்கோல் கட்டை அவிழ்க்க ஆரம்பித்திருந்தாள். குனிந்து பலகையைத் தொட்டவள் விரலை மூக்கருகே கொண்டுபோனாள்.

"இன்னாத்த தடவினே இதுல?"

"கிரீஸ்."

"எதுக்கு?"

"வாடக் காத்து அடிக்குது. உப்பு. துருப் புடிச்சிடும்ல."

எங்கள் ஊரில் இரும்பைப் பார்த்தால் கிரீஸ் தடவுவோம். நங்கூரச் சங்கிலி, கதவுக் கீல், சைக்கிள் எல்லாவற்றுக்கும். கை தானாகப் போகும். முந்தின நாள் தண்டவாளம் பூராவும் பாயிண்ட், கிராசிங் உட்பட, அன்பாகத் தடவிவைத்திருந்தேன். அந்தத் தண்டவாளத்தில்தான் கரண்ட் போக வேண்டும் என்பது மெக்கானிக்குக்குத் தோன்றவில்லை.

"சாவிய எட்த்துக்க" என்றேன். உண்மையிலேயே சொன்னேன்.

அவள் சாவியை எடுக்கவில்லை. உள்ளே போய்ப் பழைய சேலைத் துணியும் மண்ணெண்ணெய்ப் பாட்டிலும் கொண்டுவந்தாள். பொன்னேரியில் உட்கார்ந்து துடைக்கத் தொடங்கினாள். மீன் செதில் எடுக்கிற மாதிரி, ஒரு ஓரத்தை விடாமல்.

பாயிண்ட் வந்ததும் கை நின்றது. நாக்குக்கு அடியில் துணியை விடுவதற்காக அதை விரலால் தள்ளினாள். டிக். திருப்பித் தள்ளினாள். டிக்.

"இதான் திருப்புதா?"

"ஆமா."

"வண்டிக்குள்ள ஒண்ணும் இல்லியா?"

"இல்ல."

அவள் குனிந்து, கன்னம் பலகையில் படுகிற மாதிரி தலையைச் சாய்த்து, அந்த நாக்கையே பார்த்தாள். டிக். டிக். மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. நான் கேலியாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதில் இன்னொரு துணியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"வைக்கோல இங்க கூரைக்குப் போட்டுடறேன்" என்றாள், பலகையின் வடக்கு முனையைக் காட்டி. "மாடு இங்க. கொழந்த இங்க. உன் வண்டி இங்க வந்து நிக்கட்டும்."

### கதவு திறந்தபோது

இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் கதவைத் திறந்தோம். ஊரே நனைந்த செருப்போடு முற்றத்தில் நின்றது. வண்ண வண்ண சீரியல் பல்பு, வைக்கோல் குடில், ஆரோக்கியம் களிமண்ணில் பிசைந்த ஒரு மாடு. கொம்பு கொஞ்சம் கோணல். அவள் நைனா செய்ததும் அப்படித்தான் இருந்ததாம்.

முதல் வரிசை உள்ளே வந்தது. வாடை ஒரு தடவை பலமாக வீசியது. கரண்ட் போய்விட்டது.

ஊர் முழுக்க இருட்டு. கூரையில் ஓலை படபடவென்று அடித்துக்கொண்டது. வெளியே யாரோ "சரி, கலைங்கப்பா, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார்கள். அந்த இருட்டிலும் வாசல்படியில் ஆரோக்கியம் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் இருக்க முதுகால் முட்டுக்கொடுத்திருந்தாள்.

பல்புக்குத்தான் வீட்டுக் கரண்ட். ரயிலுக்கு நான் படகு பேட்டரி வைத்திருந்தேன். முன்யோசனை என்று நினைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த கரண்ட் அது ஒன்றுதான்.

தடவித் தடவிச் சுவிட்சைப் போட்டேன்.

வடக்கே ஒரு சின்ன வெளிச்சம் முளைத்தது. கறுப்பு எஞ்சினின் முகப்பு விளக்கு. மீன் வண்டி மெல்ல வந்து, கிராசிங்குக்கு முன்னால் நின்றது. முற்றத்தில் பேச்சு அடங்கியது. தெற்கே இன்னொரு வெளிச்சம்.

ராஜாக்கள் வந்தார்கள். பொன்னேரியைத் தாண்டினார்கள். பாயிண்ட்டில் தடக்கென்று கடல் பக்கம் ஒதுங்கினார்கள். வெளிச்சம் வளைந்து சுவரில் ஓடியது. கோணல் கொம்பு மாட்டின் நிழல் கூரை வரைக்கும் எழுந்து நின்றது. பிறகு நீல எஞ்சின் சாய்வாகத் திரும்பி, காத்திருந்த வண்டியின் மூக்கை நோக்கி நேராக வந்தது.

"மோதுது" என்றார் யாரோ, கிசுகிசுப்பாக.

யாரும் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. போட்டவன் நான்தான், எனக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் விடவில்லை. ஒரு வெளிச்சம் இன்னொரு வெளிச்சத்தின் முன்னால் குறுக்கே போனது. தட் தட், தட் தட், ஒவ்வொரு பெட்டியாகக் கிராசிங்கைக் கடந்தது. ஒரு விரல் இடைவெளி. ஒன்று நின்று வழிவிட, ஒன்று நிற்காமல் வெட்டிக்கொண்டு, ஏரிப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

நின்றிருந்தவர்கள் எல்லாரும் முகத்துவாரம் தாண்டி வீட்டுக்கு வருகிறவர்கள். அது என்ன என்று ஒருத்தருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வர்றவனுக்குத்தான் வழி" என்றது இருட்டில் ஒரு குரல். சூசையுடையது. பிறகு என் காதருகே வந்து, "மாப்ள, இத்த நீயேவா யோசிச்ச?" என்றான்.

"ரெண்டும் கடல் பக்கம்னு கேட்டேன்" என்றேன். "தப்பா வந்துச்சி."

நீல வண்டி வைக்கோல் குடிலுக்கு முன்னால் போய் நின்றது. அதன் வெளிச்சம் குழந்தை மேல் விழுந்தது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்க்க, முன்னால் நின்றவர்கள் தாமாகவே உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தரும் கிளம்புகிற வழியாக இல்லை.

எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. எழுந்து, பலகைக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, வாசல் பக்கம் திரும்பினேன். ஆரோக்கியம் இன்னும் கதவுக்கு முதுகைக் கொடுத்தபடியே நின்றிருந்தாள்.

"இன்னா ஆரோக்கியம், உன் குடிலு எப்படி?"

"மறைக்காதய்யா, ஏரிப் பக்கம் நவுரு."